கையிலிருப்பதைக் கொடுத்து மேலேறுவதா, கீழிறங்கிச் சேர்ப்பதா? என்.எஃப்.எல். டிராஃப்டில் ஓர் அணியின் முன்னுள்ள மூன்று வழிகள்

அமெரிக்கக் கால்பந்தின் தொழில்முறைத் தொடரான என்.எஃப்.எல்.லில் 32 அணிகள் உள்ளன. ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல் மாதக் கடைசியில் இந்த அணிகள், கல்லூரிக் களங்களிலிருந்து வரும் இளம் வீரர்களை ஏழு சுற்றுகளில் வரிசைப்படி தேர்ந்தெடுக்கின்றன. டிராஃப்ட் எனப்படும் இந்தத் தேர்வில், முந்தைய பருவத்தில் மிக மோசமாக ஆடிய அணிக்கு முதல் இடமும் சூப்பர் பவுல் எனும் இறுதி ஆட்டத்தை வென்ற அணிக்குக் கடைசி இடமும் கிடைக்கும். பணம் படைத்த அணிகளே சிறந்த வீரர்களை ஆண்டுதோறும் அள்ளிக்கொண்டு போவதைத் தடுப்பதற்காக, ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸ் அணியின் உரிமையாளராக இருந்த பெர்ட் பெல் 1935-இல் முன்வைத்த யோசனை இது. முதல் தேர்வு 1936-இல் நடந்தது. ஐ.பி.எல். ஏலத்தில் கையில் பணமுள்ள எந்த அணியும் எந்த வீரருக்கும் விலை கேட்கலாம். டிராஃப்டில் முறை வந்த அணி மட்டுமே பெயர் சொல்ல முடியும். ஆனால் அந்த முறையையே, அதாவது தேர்வுரிமையையே, இந்த ஆண்டுக்கு உரியதையும் வரும் ஆண்டுகளுக்கு உரியதையும் சேர்த்து, அணிகள் ஒன்றோடொன்று விற்றும் வாங்கியும் கொள்ளலாம். ஓர் அணியின் அடுத்த ஐந்தாறு ஆண்டுகள் எப்படி அமையும் என்பது பெரும்பாலும் இந்தக் கொடுக்கல் வாங்கலில்தான் தீர்மானமாகிறது.

நல்ல குவார்ட்டர்பேக் இல்லாத ஓர் அணியை எடுத்துக்கொள்வோம். பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்தும் அந்த ஒருவர் சரியாக அமையாவிட்டால் மற்ற இடங்களில் எத்தனை திறமை இருந்தாலும் பட்டம் எட்டாக்கனியாகிவிடும் என்பது இந்த ஆட்டத்தின் நிலை. அந்த அணியின் முன் மூன்று வழிகள் இருக்கின்றன. பல தேர்வுரிமைகளைக் கொடுத்து வரிசையில் மேலேறி, தான் நம்பும் இளம் குவார்ட்டர்பேக்கை எடுக்கலாம். தன் உயர்ந்த இடத்தை விற்றுக் கீழிறங்கி, பல தேர்வுரிமைகளைச் சேர்க்கலாம். அல்லது தேர்வுரிமைகளைப் பிற அணிகளுக்குக் கொடுத்து, ஏற்கெனவே திறமையை நிறுவிய மூத்த வீரர்களை வாங்கலாம். மூன்று வழிகளிலும் சென்று வென்றவர்களும் உண்டு, வீழ்ந்தவர்களும் உண்டு. கொடுத்த விலையை மட்டும் பார்த்து ஒரு பேரத்தை மதிப்பிடுவது தவறு என்பதும், விலை கொடுத்த பிறகு அணியிடம் என்ன மிஞ்சியது என்பதே அதன் விளைவைப் பெரும்பாலும் தீர்மானிக்கிறது என்பதும் என் வாதம்.

தேர்வுரிமைக்கு இவ்வளவு மதிப்பு ஏன் என்பதை முதலில் பார்க்க வேண்டும். ஓர் அணி தன் வீரர்களின் ஊதியத்துக்குச் செலவிடக்கூடிய தொகைக்கு 1994 முதல், 2010 ஓர் ஆண்டு நீங்கலாக, கண்டிப்பான வரம்பு இருக்கிறது. 2025-ஆம் ஆண்டுக்கு அது 27.92 கோடி டாலர். 53 பேர் கொண்ட அணியை இதற்குள் அடக்க வேண்டும். டாலஸ் கௌபாய்ஸ் அணியின் குவார்ட்டர்பேக் டாக் பிரெஸ்காட் 2024 செப்டம்பரில் செய்துகொண்ட ஒப்பந்தத்தின் சராசரி ஆண்டுக்கு 6 கோடி டாலர். அதே ஆண்டு டிராஃப்டில் முதல் இடத்தில் தேர்வான குவார்ட்டர்பேக் கேலப் வில்லியம்ஸுக்கு நான்கு ஆண்டுகளுக்கும் சேர்த்தே சுமார் 3.95 கோடி டாலர்தான். டிராஃப்டில் எடுக்கப்பட்டவரின் முதல் ஒப்பந்தத்தை மூன்று பருவங்கள் முடியும் முன் மாற்றி எழுத விதி இடம் தருவதில்லை. முதல் சுற்றில் எடுக்கப்பட்டவரை ஐந்தாம் ஆண்டுக்கும் வைத்துக்கொள்ளும் விருப்பம் அணிக்கு உண்டு. ஆக, நன்றாக ஆடும் இளம் குவார்ட்டர்பேக்கை வைத்திருக்கும் அணி, ஆண்டுக்கு ஏறத்தாழ 5 கோடி டாலரை மிச்சப்படுத்தி, அதைக்கொண்டு இரண்டு மூன்று முதல்தர வீரர்களை வேறு இடங்களுக்கு வாங்க முடியும்.

இந்த மலிவு எப்போதும் இருந்ததில்லை. 2010-இல் முதல் இடத்தில் தேர்வான சாம் பிராட்ஃபோர்ட், ஓர் ஆட்டம்கூட ஆடுவதற்கு முன்பே, ஆறு ஆண்டுகளுக்கு 7.8 கோடி டாலர் மதிப்புள்ள ஒப்பந்தம் பெற்றார்; அதில் 5 கோடி உறுதி செய்யப்பட்டது. அடுத்த ஆண்டு, அணிகளும் வீரர் சங்கமும் செய்துகொண்ட புதிய ஒப்பந்தப்படி, முதல் இடத்தில் வந்த கேம் நியூட்டனுக்கு நான்கு ஆண்டுகளுக்குச் சுமார் 2.2 கோடி டாலர்தான் கிடைத்தது. இளம் குவார்ட்டர்பேக்கை நோக்கி அணிகள் இன்று இவ்வளவு ஆவலோடு பாய்வதற்கு இந்த 2011 மாற்றமே முதன்மைக் காரணம். சியாட்டில் சீஹாக்ஸ் அணி இதன் பயனை முதலில் முழுமையாகக் காட்டியது. 2012-இல் மூன்றாம் சுற்றில் 75-ஆவது இடத்தில் எடுத்த ரஸல் வில்சனுக்கு 2013 பருவத்தில் சுமார் 5.26 லட்சம் டாலர் மட்டுமே கொடுத்தபடி, 2014 பிப்ரவரியில் டென்வர் பிராங்கோஸ் அணியை 43–8 என்று வென்று அந்த அணி சூப்பர் பவுலைக் கைப்பற்றியது.

இனி முதல் வழிக்கு வருவோம். மேலேறுவதன் விலையைக் கணக்கிட அணிகள் நெடுங்காலமாக ஓர் அட்டவணையைப் பயன்படுத்தி வந்திருக்கின்றன. 1990-களின் தொடக்கத்தில், ஜிம்மி ஜான்சன் பயிற்சியாளராக இருந்த டாலஸ் அணியில் உருவான அந்த அட்டவணை, முதல் தேர்வுரிமைக்கு 3,000 புள்ளிகளும் பத்தாவதுக்கு 1,300 புள்ளிகளும் முப்பத்திரண்டாவதுக்கு 590 புள்ளிகளும் தருகிறது. உச்சியில் உள்ள இடங்களின் மதிப்பை அது மிகச் செங்குத்தாக உயர்த்துகிறது. அதன்படி பார்த்தால் முதல் இடம், முதல் சுற்றின் கடைசி இடங்கள் ஐந்துக்குச் சமம். இது மிகை என்பதைப் பொருளியலாளர்கள் கேட் மேஸியும் ரிச்சர்ட் தேலரும் தரவுகளோடு காட்டினார்கள். ஒரே வகை இடத்தில் ஆடும் இருவரில் முதலில் எடுக்கப்பட்டவர், அடுத்து எடுக்கப்பட்டவரைவிடச் சிறப்பாக ஆடுவதற்கான வாய்ப்பு சுமார் 52 விழுக்காடுதான் என்பது அவர்கள் கண்டது. நாணயம் சுண்டிப் பார்ப்பதைவிட அது சற்றே மேல், அவ்வளவுதான். அவர்கள் ஆராய்ந்த தேர்வுகள் 2011-க்கு முந்தைய ஊதிய முறையைச் சேர்ந்தவை என்பதால், உச்சி இடங்களின் உண்மை மதிப்பு இன்று அவர்கள் கணித்ததைவிடக் கூடியிருக்கிறது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் அந்த 52 விழுக்காடு ஊதியத்தைப் பற்றியதன்று, மனிதக் கணிப்பின் எல்லையைப் பற்றியது. அது மாறிவிட்டது என்று நம்ப எனக்குக் காரணம் தெரியவில்லை.

இந்த எல்லையை மீறி வென்ற பேரம் என்று எல்லோரும் சுட்டுவது கான்சஸ் சிட்டி சீஃப்ஸ் 2017-இல் செய்ததை. 27-ஆவது இடத்திலிருந்து பத்தாவது இடத்துக்கு ஏறுவதற்காக, அந்த 27-ஆவது தேர்வுரிமையையும் மூன்றாம் சுற்றுத் தேர்வுரிமை ஒன்றையும் அடுத்த ஆண்டின் முதல் சுற்று உரிமையையும் பஃபலோ பில்ஸ் அணிக்குக் கொடுத்து, குவார்ட்டர்பேக் பேட்ரிக் மஹோம்ஸை எடுத்தது. மூன்று சூப்பர் பவுல் பட்டங்கள் அதன் பலன். இந்தக் கதையைச் சொல்பவர்கள் மஹோம்ஸின் கையைப் பற்றிப் பேசுகிறார்கள். அவர் வந்து சேர்ந்த அணியைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. அதற்கு முந்தைய பருவத்தில் சீஃப்ஸ் 12 ஆட்டங்களில் வென்று தன் பிரிவில் முதலிடம் பெற்றிருந்தது. மூன்றாம் சுற்றில் கிடைத்த டிராவிஸ் கெல்ஸியும், ஐந்தாம் சுற்றில் கிடைத்த டைரீக் ஹில்லும், இரண்டாம் சுற்றில் கிடைத்த கிறிஸ் ஜோன்ஸும் ஏற்கெனவே அங்கே இருந்தார்கள். அனுபவமுள்ள குவார்ட்டர்பேக் அலெக்ஸ் ஸ்மித் இருந்ததால், மஹோம்ஸுக்கு முதல் பருவத்தில் கடைசி ஆட்டத்தைத் தவிர மற்றெதிலும் களமிறங்கவேண்டிய கட்டாயம் வரவில்லை. அவர் சரியாக வராமல் போயிருந்தாலும் சீஃப்ஸ் ஓர் ஓரளவு நல்ல அணியாகவே நீடித்திருக்கும்.

அந்த 'வராமல் போயிருந்தால்' என்பது எப்படி இருக்கும் என்பதை சான் ஃபிரான்சிஸ்கோ ஃபார்ட்டிநைனர்ஸ் நமக்குக் காட்டிவிட்டது. 2021-இல் அது 12-ஆவது இடத்திலிருந்து மூன்றாவது இடத்துக்கு ஏற, அந்த 12-ஆவது உரிமையோடு 2022, 2023 ஆகிய இரண்டு ஆண்டுகளின் முதல் சுற்று உரிமைகளையும், 2022-இன் மூன்றாம் சுற்று உரிமை ஒன்றையும் மயாமி டால்ஃபின்ஸ் அணிக்குக் கொடுத்தது. எடுத்த குவார்ட்டர்பேக் ட்ரே லான்ஸ். அவர் அந்த அணிக்காகத் தொடக்க வீரராக ஆடியது நான்கே ஆட்டங்கள். 2022-இன் இரண்டாம் ஆட்டத்தில் கணுக்கால் முறிந்தது. 2023 ஆகஸ்டில் ஒரு நான்காம் சுற்று உரிமைக்கு டாலஸுக்குக் கைமாறினார். மூன்று முதல் சுற்று உரிமைகள் வீணாயின என்றுதான் இதைச் சொல்ல வேண்டும். ஆயினும் அந்த அணி 2021, 2022, 2023 ஆகிய மூன்று பருவங்களிலும் மாநாட்டு இறுதி ஆட்டம் (சூப்பர் பவுலுக்கு முந்தைய அரையிறுதி) வரை சென்றது. மூன்றாவது முறை சூப்பர் பவுலிலும் ஆடியது. இரண்டாம் சுற்றில் எடுத்த டீபோ சாமுவேல், மூன்றாம் சுற்றில் எடுத்த ஃப்ரெட் வார்னர், ஐந்தாம் சுற்றுகளில் எடுத்த ஜார்ஜ் கிட்டில், டிரே கிரீன்லா என்று பின்சுற்றுகளில் சேர்ந்த திறமை அந்த அணியைத் தாங்கியது. எல்லாவற்றுக்கும் மேலாக, 2022 டிராஃப்டின் கடைசித் தேர்வான 262-ஆவது இடத்தில் எடுக்கப்பட்ட பிராக் பர்டி, ஆண்டுக்குப் பத்து லட்சம் டாலருக்கும் குறைவான ஊதியத்தில் அந்தக் குவார்ட்டர்பேக் இடத்தை நிரப்பினார். பர்டி கிடைத்தது பெரும் நற்பேறு. அதை அணியின் திட்டமாகக் கணக்கில் எழுத முடியாது. ஆனால் அப்படிக் கிடைத்த ஒருவர் உடனே வெல்லும் அளவுக்கு அவரைச் சுற்றிலும் வீரர்கள் இருந்தது நற்பேறு அன்று.

இதே அளவு விலையைக் கொடுத்த இன்னோர் அணி கரோலினா பேந்தர்ஸ். 2023-இல் ஒன்பதாவது இடத்திலிருந்து முதல் இடத்துக்கு ஏற, அந்த ஒன்பதாவது உரிமை, அதே ஆண்டின் 61-ஆவது உரிமை, 2024-இன் முதல் சுற்று உரிமை, 2025-இன் இரண்டாம் சுற்று உரிமை ஆகியவற்றோடு, தன் மிகச் சிறந்த பந்து பிடிப்பாளரான டி.ஜே. மூரையும் சிகாகோ பேர்ஸுக்குக் கொடுத்துவிட்டது. ஓட்ட வீரர் கிறிஸ்டியன் மெக்காஃப்ரியை முந்தைய அக்டோபரில்தான், அதே ஃபார்ட்டிநைனர்ஸுக்கு, அது விற்றிருந்தது. அந்த முதல் இடத்தில் எடுத்த இளம் குவார்ட்டர்பேக் பிரைஸ் யங்கின் கைக்குப் பந்து வந்தபோது, அதை எறிந்தால் பிடிக்க நம்பகமான ஆள் இல்லை, அவரைக் காக்கும் முன்வரிசையும் தடுமாறியது. அந்தப் பருவத்தில் 17 ஆட்டங்களில் இரண்டில் மட்டுமே கரோலினா வென்றது. பயிற்சியாளர் பருவத்தின் நடுவே வெளியேற்றப்பட்டார். அவ்வளவு மோசமாக ஆடியதாலேயே, கரோலினா கொடுத்துவிட்டிருந்த 2024-இன் முதல் சுற்று உரிமை, அந்த ஆண்டின் முதலாம் இடமாக உயர்ந்து சிகாகோவின் கைக்குப் போனது. கேலப் வில்லியம்ஸை சிகாகோ எடுத்தது அந்த உரிமையைக்கொண்டுதான். மூர் அங்கே முதல் பருவத்திலேயே 1,364 கெஜம் சேர்த்தார்.

லான்ஸும் யங்கும் எதிர்பார்ப்பை நிறைவேற்றாத தேர்வுகளாகவே தொடங்கினார்கள். யங் 2024-இன் பிற்பகுதியில் தேறினார் என்பதை அவருக்காகச் சொல்ல வேண்டும். ஆனால் ஒரே வகைப் பிழை ஓர் அணியைச் சூப்பர் பவுலுக்குப் போகவிடாமல் தடுக்கவில்லை, இன்னோர் அணியைத் தரைமட்டமாக்கியது. வருங்கால உரிமையைக் கொடுக்கும்போது, நாம் எவ்வளவு மோசமாக ஆடப்போகிறோம் என்பதற்கேற்ப அதன் விலை தானாக ஏறுகிறது என்பதை நலிந்த அணிகள் போதுமான அளவு நினைத்துப் பார்ப்பதில்லை. வலுவான அணி தரும் அடுத்த ஆண்டு உரிமை வழக்கமாக 25-க்கும் 32-க்கும் இடைப்பட்ட ஓர் இடம். நலிந்த அணி தருவதாகச் சொல்லும் அதே பெயருள்ள உரிமை, முதல் இடமாகவே ஆகிவிடலாம்.

அப்படியானால் இரண்டாம் வழியான கீழிறங்கிச் சேர்ப்பதே சரியானதா? தேலர், மேஸி ஆய்வைப் படித்தவர்கள் உடனே ஆம் என்பார்கள். ஒரு வீரரின் எதிர்காலத்தைத் துல்லியமாகக் கணிக்க முடியாதென்றால், அதிக முறை முயல்வதே அறிவுடைமை. அணிகள் பொறுமை இழந்து, அடுத்த ஆண்டின் முதல் சுற்று உரிமையை இந்த ஆண்டின் இரண்டாம் சுற்று உரிமைக்கு நிகராக மதித்துக் கொடுத்துவிடும் வழக்கமும், காத்திருக்கத் தெரிந்தவருக்கு இலாபமாகிறது. நான் இந்த வாதத்தைப் பெரிதும் ஏற்கிறேன். ஆனால் இதைக் கடைப்பிடித்த ராம்ஸ், பிரவுன்ஸ் ஆகிய இரண்டு அணிகளின் அனுபவம், இதில் ஒரு பொத்தல் இருப்பதைக் காட்டுகிறது.

2012-இல் வாஷிங்டன் அணி, ராபர்ட் கிரிஃபின் என்ற குவார்ட்டர்பேக்குக்காக ஆறாவது இடத்திலிருந்து இரண்டாவது இடத்துக்கு ஏறியது. மூன்று ஆண்டுகளின் முதல் சுற்று உரிமைகளும் ஓர் இரண்டாம் சுற்று உரிமையும் செயின்ட் லூயிஸில் அப்போது இருந்த ராம்ஸ் அணிக்குப் போயின. கிரிஃபின் முதல் பருவத்தில் அற்புதமாக ஆடி, ஆண்டின் சிறந்த புதிய தாக்குதல் வீரர் விருதும் பெற்றார். பின்னர் 2013 ஜனவரியில் சியாட்டிலுக்கு எதிரான ஆட்டத்தில் முழங்கால் சிதைந்தது, பழைய வேகம் திரும்பவே இல்லை. அடுத்த பருவத்தில் வாஷிங்டன் மூன்று ஆட்டங்களில் மட்டுமே வென்றதால், அது கொடுத்திருந்த கடைசி உரிமை இரண்டாவது இடமாக உயர்ந்தது. ராம்ஸ் அந்த உரிமைகள் சிலவற்றையும் விற்று மேலும் கீழிறங்கி, வீரர்களைப் பெருக்கிக்கொண்டது. 2014 டிசம்பரில் வாஷிங்டனைச் சந்தித்தபோது, நாணயம் சுண்டும் சடங்குக்கு, இந்தப் பேரத்தால் கிடைத்த வீரர்களையே அணித்தலைவர்களாக ராம்ஸ் பயிற்சியாளர் அனுப்பினார். அன்று 24–0 என்று வென்றார்கள். ஆனால் அந்தப் பருவம் ராம்ஸுக்கு முடிந்தது 6 வெற்றி, 10 தோல்வி என்ற கணக்கில். 2012 முதல் 2015 வரை எந்தப் பருவத்திலும் அது வெற்றிகளைத் தோல்விகளைவிட அதிகமாகக் காணவில்லை. தற்காப்பில் நல்ல வீரர்கள் வந்தார்கள். பேரத்தின் கடைசி உரிமையில், 2014-இல் இரண்டாவது இடத்தில், எடுத்த கிரெக் ராபின்ஸன் சோபிக்கவில்லை. குவார்ட்டர்பேக் இடமோ சரியாக நிரம்பவே இல்லை.

கிளீவ்லாந்து பிரவுன்ஸ் இதே வழியில் இன்னும் வெகுதூரம் சென்றது. 2016-இல் இரண்டாவது இடத்தை ஃபிலடெல்ஃபியாவுக்கு விற்றது. அங்கே குவார்ட்டர்பேக் கார்ஸன் வென்ட்ஸ் போனார். அப்படிக் கிடைத்த எட்டாவது இடத்தையும் விற்று 15-ஆவது இடத்துக்கு இறங்கி எடுத்த பந்து பிடிப்பாளர் கோரி கோல்மன் நிலைக்கவில்லை. ஃபிலடெல்ஃபியா தந்த அடுத்த ஆண்டு உரிமை 12-ஆவது இடமாக அமைந்தது. அதையும் ஹூஸ்டன் டெக்ஸன்ஸுக்கு விற்றார்கள், அங்கே குவார்ட்டர்பேக் டெஷான் வாட்ஸன் போனார். 2016, 2017 இரண்டு பருவங்களிலும் சேர்த்து பிரவுன்ஸ் ஆடிய 32 ஆட்டங்களில் வென்றது ஒன்றே ஒன்று. இந்தக் கணக்கு மட்டும் போதும், கீழிறங்குவதை ஒரு சமயக் கொள்கையைப் போல் பிடித்துக்கொள்வதற்கு எதிராக. உரிமைகளைப் பெருக்கினால் சராசரித் திறமை உயரும். குவார்ட்டர்பேக் இடமோ சராசரியால் நிரம்புவதில்லை. பர்டி போலவும், 2000-இல் 199-ஆவது இடத்தில் வந்த டாம் பிரேடி போலவும் ஒருவர் பின்சுற்றில் கிடைப்பார் என்று காத்திருப்பது திட்டம் ஆகாது.

மூன்றாம் வழியின் முகமாக இருப்பது, அதே ராம்ஸ்தான். லாஸ் ஏஞ்சலஸுக்குக் குடிபெயர்ந்த பிறகு அது முற்றிலும் வேறோர் அணியாக மாறியது. 2016-இல் 15-ஆவது இடத்திலிருந்து முதல் இடத்துக்கு ஏறி குவார்ட்டர்பேக் ஜாரெட் காஃபை எடுத்ததோடு, அடுத்த முதல் சுற்றுத் தேர்வு அதற்கு வாய்த்தது 2024-இல்தான். இடைப்பட்ட உரிமைகள் வீரர்களாக மாறின. 2019-இல் தற்காப்பு வீரர் ஜேலன் ராம்ஸிக்காக இரண்டு முதல் சுற்று உரிமைகள் போயின. 2021-இல் மூத்த குவார்ட்டர்பேக் மேத்யூ ஸ்டாஃபோர்டுக்காக காஃபையும் இரண்டு முதல் சுற்று உரிமைகளையும் ஒரு மூன்றாம் சுற்று உரிமையையும் டெட்ராய்ட் லயன்ஸுக்குக் கொடுத்தார்கள். அதே ஆண்டு நவம்பரில் தற்காப்பு வீரர் வான் மில்லருக்காக இரண்டாம், மூன்றாம் சுற்று உரிமைகள் கைமாறின. 2022 பிப்ரவரியில் சின்சினாட்டி பெங்கால்ஸை 23–20 என்று வென்று ராம்ஸ் பட்டம் பெற்றது. இதைப் பார்த்துப் பலர் தேர்வுரிமைகளே தேவையில்லை என்ற முடிவுக்கு வந்தது வருந்தத்தக்கது. அந்த வெற்றியின் இரண்டு தூண்கள், 2014-இல் 13-ஆவது இடத்தில் எடுத்த ஏரன் டானல்டும், 2017-இல் மூன்றாம் சுற்றில் எடுத்த கூப்பர் கப்பும். அந்த இறுதி ஆட்டத்தின் சிறந்த வீரர் கப்தான். மற்ற இடங்களில் விலைமிக்க வீரர்களைக் கொண்டுவர முடிந்ததே, பின்சுற்றுகளில் எடுத்த மலிவான இளைஞர்கள் அணியின் எஞ்சிய இடங்களை நிரப்பியதால்தான். முதல் சுற்று உரிமைகளை விற்ற அணி, மற்றச் சுற்றுகளில் பிற அணிகளைவிடக் கூடுதல் கவனம் செலுத்த வேண்டியிருக்கிறது. 2023-இல் ஐந்தாம் சுற்றில் 177-ஆவது இடத்தில் புக்கா நகுவாவைக் கண்டெடுத்தது அந்தக் கவனத்தின் தொடர்ச்சி.

விலையும் வந்து சேர்ந்தது. பட்டம் வென்ற அடுத்த பருவத்தில் ராம்ஸ் 5 வெற்றி, 12 தோல்வி என்று சரிந்ததால், டெட்ராய்ட்டுக்குக் கொடுத்த 2023 உரிமை ஆறாவது இடமாயிற்று. டெட்ராய்ட் அதை அரிசோனா கார்டினல்ஸுக்கு விற்று 12-ஆவது இடத்துக்கு இறங்கி, அங்கே ஜாமிர் கிப்ஸையும், அதே பேரத்தில் கிடைத்த 34-ஆவது இடத்தில் சாம் லபோர்ட்டாவையும் எடுத்தது. ராம்ஸ் வேண்டாமென்று அனுப்பிய காஃபே குவார்ட்டர்பேக்காக நின்று, அந்த அணியை 2024 ஜனவரியில் மாநாட்டு இறுதி ஆட்டம் வரை கொண்டுசென்றார். அடுத்த பருவத்தில் டெட்ராய்ட் 15 ஆட்டங்களில் வென்றது. இருவருமே வென்ற பேரம் என்று இதைச் சொல்லத் தயங்க வேண்டியதில்லை. பட்டத்தின் விளிம்பில் நின்றவர் எதிர்காலத்தை விற்றார். தொலைவில் நின்றவர் அதை வாங்கினார். தான் எந்த இடத்தில் நிற்கிறோம் என்பதை இரண்டு அணிகளும் சரியாக அறிந்திருந்தன. மூன்றாம் வழியைத் தேர்ந்தெடுக்க இந்த அறிவு ஒன்றே தகுதி. நியூ ஆர்லியன்ஸ் செயின்ட்ஸ் 1999-இல், குவார்ட்டர்பேக்கும் அல்லாத கல்லூரி ஓட்ட வீரர் ரிக்கி வில்லியம்ஸை எடுக்க மேலேறுவதற்காக, அந்த ஆண்டின் தன் எல்லா உரிமைகளோடு மறு ஆண்டின் முதல், மூன்றாம் சுற்று உரிமைகளையும் கொடுத்து, அந்தப் பருவத்தில் மூன்று ஆட்டங்களில் மட்டும் வென்றது, இந்த அறிவு இல்லாமல் போனால் என்ன நேரும் என்பதற்குச் சான்று.

வழி எதுவானாலும், முறை வந்தபின் தேவையைப் பார்த்து எடுப்பதா, எஞ்சியவர்களில் சிறந்தவரை எடுப்பதா என்ற கேள்வி ஒன்று எஞ்சும். இதில் எனக்கு ஐயமில்லை: குவார்ட்டர்பேக் இடத்தைத் தவிர மற்றெல்லாவற்றிலும் சிறந்தவரையே எடுக்க வேண்டும். இன்றைய தேவை ஓர் ஆண்டில் மாறிவிடும், ஒப்பந்தமோ நான்கு ஆண்டு. பால்ட்டிமோர் ரேவன்ஸ் 1996-இல் தன் முதல் டிராஃப்டில் நான்காவது இடத்தில் ஜோனத்தன் ஆக்டனையும் 26-ஆவது இடத்தில் ரே லூயிஸையும் இப்படித்தான் எடுத்தது. இருவரும் பின்னாளில் புகழ் மண்டபத்தில் இடம்பெற்றார்கள்.

ஆகவே நம் முன்னுள்ள அணிக்கு என் பரிந்துரை இதுதான். முன்வரிசையும் தற்காப்பும் ஏற்கெனவே வலுவாக இருந்து, ஒரே குறை குவார்ட்டர்பேக் என்றால், மேலேறுங்கள். இரண்டு முதல் சுற்று உரிமைகள் போனாலும் பரவாயில்லை, ஆனால் அவரைத் தாங்கவேண்டிய வீரர் எவரையும் அந்த விலையில் சேர்க்காதீர்கள். அணி பல இடங்களில் பொத்தலாக இருந்தால், முதல் ஆண்டில் கீழிறங்கி உரிமைகளைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆயினும் நீங்கள் உண்மையாக நம்பும் ஒரு குவார்ட்டர்பேக் உங்கள் முறையிலேயே எதிரே நின்றால், எந்த விலைக்கும் அந்த இடத்தை விற்காதீர்கள். மூத்த வீரர்களை வாங்குவது, மலிவான இளைஞர்கள் ஏற்கெனவே அணியின் பாதியை நிரப்பியிருக்கும் அணிகளுக்கு மட்டும். காலம் மாறும்போது வழியும் மாற வேண்டும் என்பதை சீஃப்ஸ் அணியிடமே கற்கலாம். மஹோம்ஸ் 2020-இல் பத்து ஆண்டு ஒப்பந்தம் பெற்று விலைமிக்கவர் ஆனதும், 2022-இல் டைரீக் ஹில்லை ஐந்து தேர்வுரிமைகளுக்கு மயாமிக்கு விற்று அது இளைஞர்களைச் சேர்த்தது. அவற்றுள் ஒன்று, ட்ரே லான்ஸுக்காக ஃபார்ட்டிநைனர்ஸ் மயாமிக்குக் கொடுத்திருந்த முதல் சுற்று உரிமை. அதைக் கொண்டு மேலேறி சீஃப்ஸ் எடுத்த டிரென்ட் மெக்டஃபி, 2024 பிப்ரவரிச் சூப்பர் பவுலில் அதே ஃபார்ட்டிநைனர்ஸை வென்ற தற்காப்பில் ஆடினார்.

இவ்வளவு தெளிவாகத் தெரியும் ஒன்றை அணிகள் ஏன் திரும்பத் திரும்பத் தவறவிடுகின்றன என்பதற்கு, முடிவெடுப்பவரின் பதவிக்காலமே காரணம் என்று நினைக்கிறேன். தேர்வுரிமை கனிய மூன்று ஆண்டுகள் ஆகும். பொது மேலாளருக்கு அவ்வளவு காலம் கிடைப்பதில்லை. 2017-இல் மஹோம்ஸை எடுத்த பொது மேலாளர் ஜான் டோர்ஸியை, மஹோம்ஸ் ஓர் ஆட்டமும் தொடங்குவதற்கு முன், அந்த ஜூனிலேயே சீஃப்ஸ் வெளியேற்றியது. பிரவுன்ஸில் உரிமைகளைச் சேர்த்துவந்த சாஷி பிரவுன் அதே டிசம்பரில் நீக்கப்பட்டார். அவர் இடத்துக்கு வந்தவர் டோர்ஸி. சாஷி பிரவுன் ஹூஸ்டனிடமிருந்து சேர்த்து வைத்திருந்த உரிமைகளால் 2018-இல் டென்ஸல் வார்டும் நிக் சப்பும் வந்தார்கள். சப்பை எடுத்த உரிமை, யாரும் விரும்பாத ஒரு குவார்ட்டர்பேக்கின் 1.6 கோடி டாலர் ஊதியச் சுமையை ஏற்றுக்கொண்டதற்குக் கூலியாகக் கிடைத்தது. பேக்கர் மேஃபீல்டு அந்த ஆண்டின் முதல் தேர்வு. 2021 ஜனவரியில் பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸை 48–37 என்று வீழ்த்தி, கால் நூற்றாண்டுக்கும் மேலான காத்திருப்புக்குப் பின் பிரவுன்ஸ் ஒரு நாக்-அவுட் ஆட்டத்தை வென்றபோது, சாஷி பிரவுனும் அங்கே இல்லை, டோர்ஸியும் இல்லை. பதவி பறிபோகும் அச்சத்தில் இருக்கும் மேலாளர், தனக்குப் பின் வருபவருக்கு உரிய உரிமைகளைக் கொடுத்து இன்றைய வெற்றியைத் தேடுவது இயல்பு. எனவே ஓர் ஆண்டுக்கு அப்பாற்பட்ட முதல் சுற்று உரிமையைக் கொடுக்கும் முடிவை மேலாளரிடம் விடாமல், அவர் போன பின்னும் அணியோடு இருக்கப்போகும் உரிமையாளரே, அணியில் எத்தனை இடங்கள் உண்மையாகவே நிரம்பியிருக்கின்றன என்ற கணக்கை முன்னால் வைத்துக்கொண்டு, எடுக்க வேண்டும்.